ஒரு கோரையின் சரியான பெயரைத் தேடி: கியூ தாவரத் தளம் பற்றிய மதிப்புரை

நாற்றுப் பண்ணை ஒன்றில் நான் வாங்கிய ‘குட்டைப் பாப்பிரஸ்’ என்ற கோரைச் செடியின் தொட்டியில் ‘சைப்பெரஸ் ஹாஸ்பன்’ என்று எழுதியிருந்தது. ஹாஸ்பன் நம் நெல்வயல்களிலும் காணப்படும் கோரை. அதைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. ஐயம் தீர்த்துக்கொள்ள, லண்டன் கியூ அரசுத் தாவரவியல் பூங்கா 2017 முதல் கட்டணமின்றி நடத்திவரும் ‘பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்’ தளத்தை நாடினேன்.

என் தொட்டியில் இருப்பது ‘சைப்பெரஸ் புரோலிஃபர்’ என்பது அங்கேதான் உறுதியாயிற்று. 1791இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் பெயரிட்ட இச்சிற்றினம் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோர நாடுகளிலும் மடகாஸ்கரிலும் நீர்க்கரைகளில் வளர்வது. தாவரவியலாளர் குந்த் சூட்டிய ‘ஐசோகிளாடஸ்’ என்ற பெயர் இதற்கு இணைப்பெயராக, அதாவது அதே செடிக்கு இடப்பட்டு இன்று ஏற்கப்படாத பெயராக, தரப்பட்டிருக்கிறது. ‘சமக்கிளை’ என்று பொருள்படும் அப்பெயரே, என்னைக் கேட்டால், இச்செடிக்கு மிகச் சிறந்த விளக்கம். விளக்கக் குறிப்புகளைப் படித்துக்கொண்டே கைவில்லையால் செடியைப் பார்த்தேன். இலைகள் அடித்தண்டைச் சுற்றிய செம்பழுப்பு உறைகளாகவே சுருங்கியிருந்தன. மெல்லிய தண்டின் உச்சியில் ஏறத்தாழ ஒரே நீளமுள்ள 64 காம்புகளை எண்ணினேன். அவற்றின் அடியிலிருந்த பூவடிச் செதில்கள் தேடிப் பார்க்கும் அளவுக்குச் சிறியவை. ஹாஸ்பனிலோ காம்புகள் சிலவே, அவையும் நீளத்தில் ஏறுமாறானவை. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், வாங்கும் இடத்திலேயே இரண்டையும் பிரித்துவிடலாம்.

பெயர், முதலில் வெளியான ஆண்டு, இணைப்பெயர்கள் ஆகியவற்றுக்கு இத்தளத்தைத் தயங்காமல் நம்பலாம். பரவல் வரைபடத்தை மட்டும் கவனத்துடன் படிக்க வேண்டும்: ஒரு செடி கரையோரச் சதுப்பில் மட்டுமே வளர்ந்தாலும், பெரும்பாலும் நாடு முழுவதும் நிறம் தீட்டப்பட்டிருக்கும். விளக்கங்கள் ஆங்கிலக் கலைச்சொற்களில் இருப்பதால், கோரையின் உறுப்புகளை முன்பே அறியாதவர்களுக்கு முதல் வாசிப்பு கடினமாகவே இருக்கும். படங்களுடன் ஒரு சொல்லகராதியை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

வகைப்பாட்டில் ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். மூலக்கூறு ஆய்வுகளுக்குப் பிறகு, தனிப் பேரினமாக (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதியாக) இருந்த கைலிங்கா போன்ற கோரைகள் சைப்பெரஸுடன் இணைக்கப்பட்டுவிட்டன. தளமும் அதையே பின்பற்றுகிறது. பழைய நூல்களில் பயின்றவர்கள் திகைக்க வேண்டியதில்லை: பழைய பெயரை இட்டுத் தேடினாலும், இன்று ஏற்கப்பட்டுள்ள பெயருக்கு அது கொண்டுபோய்ச் சேர்க்கிறது.