டைப்பிங் கடையில் லினக்ஸ்: ஐந்து வருடத்துக்குப் பிறகு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சின்ன டைப்பிங், ஜெராக்ஸ் கடை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாள் என்பதால் அன்று காலையிலேயே மனு அடிக்க ஆள் நிற்கும். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று வந்துகொண்டே இருக்கும். இத்தனையும் ஐந்து வருடத்துக்கு மேலாக, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தில்தான் அடிக்கிறேன்.

மாறியதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. 2020 ஜனவரி 14-ஓடு விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்தது. என்னிடம் இருந்ததோ பழைய கோர் டூ டுவோ பெட்டி. புதிது வாங்கக் கையில் காசில்லை. புதுச்சேரியில் படித்துக்கொண்டிருந்த அக்கா பையன் ஒரு சனிக்கிழமை வந்து மின்ட் 19.3-ஐப் போட்டுவிட்டான். "நாலு ஜிபி ராம் போதும் மாமா, பறக்கும் பாருங்க" என்றான். பறக்கத்தான் செய்தது. மக்கர் செய்தது பிரிண்டர்.

திங்கட்கிழமை, கடை வாசலில் ஏழெட்டுப் பேர். முதல் பக்கம் வரும், இரண்டாவது பக்கத்துக்கு மிஷின் கல்லாக உட்கார்ந்திருக்கும். டிரைவரை எடுத்து எடுத்துப் போட்டுப் பார்த்தும் பயனில்லை. அன்று முழுக்க பிடிஎஃப் ஆக்கி, பென்டிரைவில் எடுத்துப்போய்ப் பக்கத்துக் கடையில் பிரிண்ட் போட்டேன். அப்புறம் அந்த பிரிண்டரைத் தள்ளிவிட்டு, லினக்ஸ் தானாகவே கண்டுகொள்ளும் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இந்த மாற்றத்தில் எனக்கு ஆன பெரிய செலவு அதுதான்.

என்னை நிஜமாகவே படுத்தியது தமிழ். என் விரல்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பழகியவை. பாமினியில் அடித்த மனுக்கள் வருடக்கணக்கில் கிடந்தன. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இங்கிலீஷில் பல்லிளிக்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் வேஷம், அவ்வளவுதான். எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவியதும் பழைய மனுக்கள் ஒழுங்காகத் திறந்தன. ஆனால் ஆன்லைன் விண்ணப்பங்களுக்கு யூனிகோடு, அதாவது எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடு வேண்டும். பாமினியில் அடித்து, மாற்றி, ஒட்டி என்று எத்தனை நாள் ஓட்டுவது?

மார்ச்சில் ஊரடங்கு வந்து கடையைச் சாத்தியபோதுதான் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் பழக உட்கார்ந்தேன். மின்ட்டில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் இரண்டையும் சேர்த்தால் பழைய டைப்ரைட்டர் முறையும் கிடைக்கும், தமிழ்99-உம் கிடைக்கும். இதில் 'ம'வை இரண்டு முறை தட்டினால் முதல் 'ம'வுக்குத் தானாகப் புள்ளி விழும். பாமினியில் 'அம்மா'வுக்கு ஐந்து தட்டு, இதில் நான்கு. நாள் முழுக்க அடிக்கிறவனுக்கு அந்த ஒரு தட்டின் அருமை தெரியும்.

எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு. ஜெராக்ஸ் கடைக்கு வருகிற பென்டிரைவில் பாதி நோயாளி. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும், "எல்லாம் போச்சுண்ணே" என்று முகத்தைத் தொங்கப்போட்டு நிற்பார்கள். விண்டோஸில் ஒளிந்துகொண்ட கோப்புகள் லினக்ஸில் பளிச்சென்று தெரியும். எடுத்துக் கொடுத்தால் என்னை டாக்டர் மாதிரி பார்க்கிறார்கள்.

குறைகளும் இருக்கின்றன. வேர்டில் லதா எழுத்துருவில் அடித்து வரும் கோப்பை, லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்தால் வரிகள் நகர்ந்து, இரண்டு பக்க மனு மூன்று பக்கமாகும். பிடிஎஃப்பாகக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறேன். டாலி என்ற கணக்கு மென்பொருளுக்காக இன்னொரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் வைத்திருக்கிறேன், அதை மறைப்பானேன்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்ததும் பக்கத்துக் கடை அண்ணன் வந்தார். மின்ட்டை ஏற்றாமல், பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினேன். "முதலில் உங்க பிரிண்டரில் ரெண்டு பக்கம் எடுத்துப் பாருங்கண்ணே, மத்ததெல்லாம் அப்புறம்" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"பாமினி ஓடுமாப்பா?"