சேலத்துல ஒரு தலைவலி கிளினிக், ஆறு மாசம் போய்ட்டு வந்தேன்

பேரு போடல, குறையும் சொல்லப்போறேன் அதான். எனக்கு காலேஜ் டைம்ல இருந்தே ஒத்தத் தலைவலி. ஏற்காடு போனா 20 கொண்டை ஊசி வளைவுல எட்டாவது தாண்டறதுக்குள்ள வாந்தி வந்துரும், வீட்ல எல்லாரும் பித்தம்னு சொல்லி எலுமிச்சம்பழத்த கையில திணிப்பாங்க, நானும் அப்டித்தான் நம்பிட்டு இருந்தேன்.

இங்க வேற ஊரு ஆஸ்பத்திரிங்களோட சேந்து மைக்ரேன் (அதான் இந்த ஒத்தத் தலைவலி) ஆராய்ச்சி ஒண்ணு நடக்குது, அதுல சேந்தேன். டாக்டர் நல்லவர்தான், ஆனா பாக்குறது பத்து நிமிசம். மிச்சம் பூரா ஆராய்ச்சி வேலைய பாத்துக்கற கோஆர்டினேட்டர் அக்காதான். ஆராய்ச்சில சேர சம்மதம்னு எழுதிக்குடுக்கற கன்சென்ட் பாரத்த நீட்டி கையெழுத்து போடுங்கன்னு சொல்லாம முழுசா படிச்சு காட்டுனாங்க, எப்ப வேணா விலகிக்கலாம், அதுக்காக வைத்தியத்துல கை வெக்க மாட்டோம்னு ரெண்டு தடவ சொன்னாங்க.

ஆனா நான் அசந்தது வேற எடத்துல. வலி பத்தி கேக்குற இன்னொரு பாரத்துல "துடிப்புத் தன்மையுள்ள வலியா, அழுத்தும் தன்மையுள்ள வலியா"ன்னு ஒரு கேள்வி. எனக்கு முன்னாடி அம்மாபேட்டையில இருந்து வந்த ஒரு பாட்டி, "துடிக்கல கண்ணு, பொட்டுல விண்ணு விண்ணுன்னு தெறிக்குது"ங்கறாங்க (மறைப்பே இல்ல, எல்லாம் காதுல விழுது, இது ஒரு குறை). இப்ப எதுல டிக் போடறது? வெறும் வார்த்தை பிரச்சனை இல்லைங்க இது. விண்ணு விண்ணுன்னு தெறிச்சு, வாந்தி வந்து, வெளிச்சம் கூசி, 4 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் இருந்தா மைக்ரேன், தலைய சுத்தி துணி கட்டி இறுக்கற மாதிரின்னா பெரும்பாலும் டென்ஷன் தலைவலி. ஊருக்கு ஒரு மாதிரி டிக் போட்டு அத ஒண்ணா கூட்டுனா என்னத்துக்கு ஆகும்? அக்கா மத்த ஊருக்காரங்களுக்கு போன் போட்டு சண்ட புடிச்சு, அந்த கேள்விக்கு கீழ எல்லா ஊருக்கும் ஒரே விளக்கம் பேச்சுத்தமிழ்ல போட வச்சுட்டாங்க.

தலைவலி டைரி ஒண்ணு குடுத்தாங்க. மொத மாசம் போறதுக்கு முந்துன நாள் ராத்திரி உக்காந்து மொத்தமா எழுதிட்டு போனேன், ஒரே பேனா ஒரே சாய்வு, அக்கா பாத்துட்டு சிரிச்சாங்க, அவ்ளோதான், மானமே போச்சு. அடுத்த மாசம் ஒழுங்கா எழுதுனா வலி மாத்திரை போட்டது மட்டும் 18 நாள்! சாதா வலி மாத்திரைய மாசத்துல 15 நாளுக்கு மேல, மூணு மாசத்த தாண்டி போட்டுட்டே இருந்தா அந்த மாத்திரையே தலைவலிய கொண்டாந்துருமாம். 2018ல அமெரிக்காவுல அனுமதி குடுத்த, மைக்ரேன் வராம தடுக்கற ஊசி பத்தி பெருமையா கேட்டேன், "மொதல்ல மாத்திரைய குறைங்க, ஊசிய அப்புறம் பேசலாம்"னுட்டாங்க. குறைச்ச மொத ரெண்டு வாரம் செத்தேன். இப்ப 6 நாளுக்கு வந்துருக்கு.

குறைன்னா அந்த வெயிட்டிங் ஹால்தான். தலைவலிக்காரங்க உக்கார்ற எடத்துல மினுக்கு மினுக்குன்னு டியூப்லைட்டு, பினாயில் நாத்தம், சத்தமா சீரியல். பாதி பேரு முந்தானைய தலைல போத்திட்டு உக்காந்துருக்காங்க. சொல்லி சொல்லி லைட்ட மாத்திட்டாங்க, டிவி அப்டியேதான் ஓடுது. போறவங்க காலைல சீக்கிரமா போங்க, துண்டு ஒண்ணு எடுத்துக்கங்க, டிவிக்கு நேரா இருக்கற சேர்ல மட்டும் உக்காராதீங்க.