பீக் ஃப்ளோ மீட்டர்: யாருக்குப் பயன்படும், யாருக்குப் போதாது

மூச்சை முழுமையாக உள்ளிழுத்து, குழாயின் முனையை உதடுகளால் இறுகக் கவ்வி, ஒரே மூச்சில் வேகமாக ஊதினால், காற்று வெளியேறும் உச்ச வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டுகிற சிறிய பிளாஸ்டிக் கருவிதான் பீக் ஃப்ளோ மீட்டர். பேட்டரியோ திரையோ இல்லாத, விசைச்சுருளால் இயங்கும் சாதாரண வகையையே இங்கு மதிப்பிடுகிறேன். ஆஸ்துமாவுக்காகப் பல ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வருவதும் அதுவே. நாள்பட்ட நுரையீரல் நோய் எதுவானாலும் இக்கருவி கட்டாயம் வேண்டும் என்ற தோரணையில் சில விற்பனைக் குறிப்புகள் எழுதப்படுகின்றன; அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆஸ்துமா உள்ளவர் தம் மூச்சுக்குழாய்களின் அன்றாட நிலையை அறிந்துகொள்ள இதைவிட எளிய கருவி இல்லை. ஆனால் மூச்சுத்திணறலுக்குக் காரணம் எந்த நோய் என்று தீர்மானிக்கவோ, சி.ஓ.பி.டி. (பெரும்பாலும் புகையால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளக்கவோ இதை மட்டும் நம்பக் கூடாது.

கருவியின் அமைப்பு மிக எளியது. குழாய்க்குள் ஒரு விசைச்சுருளும் அதனோடு இணைந்த சிறு தட்டும் உள்ளன. ஊதும் காற்று தட்டைத் தள்ளுகிறது. தட்டு நகர நகர, குழாயின் நீளவாக்கில் உள்ள பிளவு திறந்துகொண்டே போவதால் காற்று அதன் வழியே வெளியேறுகிறது. காற்றின் தள்ளலும் விசைச்சுருளின் எதிர்விசையும் சமமாகும் இடத்தில் தட்டு நிற்க, அது தள்ளிச் சென்ற முள் அங்கேயே தங்கிவிடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த மார்ட்டின் ரைட் என்பவர் வடிவமைத்து, 1959 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட முதல் கருவி, மருத்துவமனை மேசைக்கே உரிய கனமான ஒன்று. கையடக்கமான சிறு வடிவம் 1970களில் வந்த பிறகுதான் நோயாளி தம் வீட்டிலேயே அளந்துகொள்வது நடைமுறைக்கு வந்தது. பழுதாவதற்கு இதில் அதிகமாக எதுவும் இல்லை என்பதே இதன் பெரிய பலம்.

பயன்படுத்துவதிலும் சிரமம் இல்லை, ஆனால் கவனம் வேண்டும். நிற்பதோ நிமிர்ந்து உட்கார்வதோ எதுவானாலும் ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் இருப்பது நல்லது. முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, விரல் முள்ளையோ பிளவையோ மறைக்காதபடி பிடித்து, மூன்று முறை ஊதி, அவற்றுள் மிக உயர்ந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சராசரி எடுப்பது முறையல்ல. நாக்கு குழாயின் வாயை அடைத்தாலும், உதட்டோரம் காற்று கசிந்தாலும், எண் பொய்யாகக் குறையும். எச்சில் துப்புவதைப் போலக் கன்னத்தால் வெட்டி ஊதினால் பொய்யாகக் கூடும். சிறுவர்கள் அதிக எண் காட்டுவதற்காக இந்த உத்தியைத் தாமே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், பெரியவர் ஒருவர் அருகில் இருந்து பார்ப்பது அவசியம். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளிடமிருந்து நம்பத்தக்க அளவு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இனி, இக்கருவி உண்மையில் எதற்கு உதவுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வயது, உயரம், பாலினம் ஆகியவற்றை வைத்து எதிர்பார்க்கப்படும் அளவைக் காட்டும் அட்டவணை பெட்டியோடு வருகிறது. அதைவிடப் பயனுள்ளது, நோய் கட்டுக்குள் இருக்கும் காலத்தில் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதிப் பார்த்துக் கண்டறியும் சொந்த உச்ச அளவு. அந்த அளவில் 80 சதவீதமும் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், 50 க்குக் கீழே சிவப்பு என்று பிரித்து, நல்ல கருவிகளில் உள்ள மூன்று வண்ண நகர்வில்லைகளை உரிய இடங்களில் பொருத்திக்கொள்ளலாம். சொந்த உச்சம் 500 என்றால் 400 இலும் 250 இலும் எல்லைகள் விழும். மஞ்சளில் எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது, எப்போது மருத்துவரை அழைப்பது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவைத்தால்தான் இந்த வண்ணங்களுக்குப் பொருள் உண்டு. அந்தத் தாள் இல்லாதவரிடம் இந்தக் கருவி வெறும் எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

ஒற்றை எண்ணைவிட எண்களின் ஏற்ற இறக்கம் அதிகம் சொல்கிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் பின்னிரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாகச் சுருங்கும் இயல்புடையவை என்பதால், காலை மருந்துக்கு முன் எடுக்கும் அளவு தாழ்ந்தும் மாலை அளவு உயர்ந்தும் இருக்கும். காலையில் 400, மாலையில் 460 என்றால் வேறுபாடு 60. அன்றைய சராசரியான 430 இல் அது ஏறத்தாழ 14 சதவீதம். இப்படி ஒவ்வொரு நாளும் கணக்கிட்டு, ஓரிரு வாரங்களின் சராசரி பெரியவர்களுக்கு 10 சதவீதத்தையும் குழந்தைகளுக்கு 13 சதவீதத்தையும் தாண்டினால், அது ஆஸ்துமாவுக்குச் சாதகமான சான்றாகக் கொள்ளப்படுகிறது. பணியிடத்துத் தூசியோ ரசாயனமோ காரணமா என்று சந்தேகம் எழும்போது, வேலை நாட்களிலும் விடுப்பு நாட்களிலும் நாளுக்கு நான்கு முறையாவது அளந்து வரையும் வரைபடம் மருத்துவருக்கு அரிய சான்று. விடுப்பில் ஏறி, பணிக்குத் திரும்பியதும் இறங்கும் கோட்டை ஒரே ஒரு மருத்துவமனைப் பரிசோதனையில் காண முடியாது.

என் பட்டறிவில் இக்கருவியின் மதிப்பு கூடுவது வேறோர் இடத்தில். ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு மூச்சுக்குழாய் கணிசமாகச் சுருங்கிய பிறகும் அது உடலில் உறைப்பதில்லை. இழைப்பு கேட்கும் வரை எல்லாம் சரியாக இருப்பதாகவே எண்ணுவார்கள். நானும் அந்த வகை. சளி பிடித்த நாட்களில், நெஞ்சில் எந்த இறுக்கமும் தெரிவதற்கு முன்பே முள் இறங்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை, உடனடி நிவாரணம் தராததால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அது வேலை செய்கிறது என்பதை வாரக்கணக்கில் ஏறும் எண்ணாகக் கண்ணெதிரே காட்டுவது இந்தக் குழாய்தான். இதற்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு வாங்கித் தரும் முன் யோசிக்க வேண்டும். ஊதத் தொடங்கிய முதல் நொடியின் சிறு பகுதிக்குள்ளேயே உச்ச வேகம் எட்டப்பட்டுவிடுகிறது. அது பெரும்பாலும் பெரிய மூச்சுக்குழாய்களையும் ஊதுபவரின் முயற்சியையும் பொறுத்தது. சி.ஓ.பி.டி.யிலோ சேதம் சிறு குழாய்களிலும் காற்றறைகளிலும் நிகழ்வதால், அடைப்பு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே இக்கருவியில் தெரியும். அந்நோயை உறுதி செய்ய ஸ்பைரோமெட்ரி வேண்டும்: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகு, முதல் நொடியில் வெளியேறும் காற்று, மொத்தமாக ஊதி வெளியேற்றும் காற்றில் 0.70 க்கும் குறைவான பங்காக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நுரையீரல் திசு தடித்து இறுகும் நோய்களிலோ மீட்டர் இயல்பான எண்ணையே காட்டக்கூடும், அங்கே சி.டி. ஸ்கேனும், நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறனை அளக்கும் சோதனையும்தான் பேச வேண்டும். புகைபிடித்தவர், வெகுகாலம் அடுப்புப் புகையில் இருந்தவர், படியேறினால் இளைப்பவர் ஆகியோர் இந்தக் குழாயை ஊதி நல்ல எண் கிடைத்ததென்று நிம்மதி அடைவது ஆபத்தானது.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு செய்தியைத் தருகின்றன. ஆஸ்துமா முற்றும்போது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு தாமதமாகவே குறைகிறது. விரலில் 97 என்று காட்டும் வேளையில் மூச்சுக்குழாய் பாதியளவு சுருங்கியிருக்கலாம்.

குறைகளும் உண்டு. இரண்டு நிறுவனங்களின் கருவிகள் ஒரே மூச்சுக்கு ஒரே எண்ணைக் காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே கருவியை மாற்றினால் சொந்த உச்ச அளவைப் புதிதாகக் கண்டறிய வேண்டும். தொடக்க காலத்து ரைட் அளவுகோல் நடுத்தர எண்களைக் கூட்டிக் காட்டியதால், பிரிட்டனில் 2004 இல் புதிய ஐரோப்பிய அளவுகோலுக்கு மாறினார்கள். பழைய கருவி கைவசம் இருப்பவர்கள் தங்களுடையது எந்த அளவுகோல் என்று பார்த்துக்கொள்வது நல்லது. பெரியவர்களுக்கான வகை பொதுவாக 60 முதல் 800 வரையும், சிறுவர்களுக்கும் கடுமையான அடைப்பு உள்ளவர்களுக்குமான வகை 30 முதல் 400 வரையும் காட்டும். கடைக்காரர் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிடுவதால், கேட்டு வாங்க வேண்டும். நான் பார்த்த மலிவான ஒன்றில் முள் தளர்ந்து, கருவியைச் சாய்த்தாலே நகர்ந்தது; வாங்கும்போதே சாய்த்துப் பார்ப்பது எளிய சோதனை.

எண்களைச் சேமித்து வரைபடமாக்கும் மின்னணு வகையையும் சில காலம் பயன்படுத்தினேன். முதல் நொடிக் காற்றளவையும் அது சேர்த்துக் காட்டுகிறது. எழுதிவைக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு அது பொருந்தும்; எனக்கு நோட்டுப் புத்தகமே போதுமாக இருந்தது.

பெரும்பாலான பெட்டிகளில் வரும் துண்டுப்பிரசுரம் கழுவும் முறையை விரிவாகச் சொல்கிறது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, உதறி, முழுவதும் உலர்த்த வேண்டும் என்பது சரியே. ஆனால் அதைவிட முக்கியமானவற்றைப் பொடி எழுத்தில் ஒதுக்கிவிடுகிறது. அண்மையில் கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்படி வேகமாக ஊதக் கூடாது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும்போதும், உதடு நீலம் பாரிக்கும்போதும் கருவியைத் தேடி நேரத்தைக் கழிக்காமல், நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.