பையா, தூக்கா, பிளாஸ்க்கா? ஜெலுத்தோங் வரை தே சூடாக வருமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாற பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் போனால், திரும்பும்போது அப்பாவுக்கு ஒரு தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், வாங்கி வருவது என் வேலை. லெபோ பசாரிலிருந்து ஜெலுத்தோங் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். "என்னடா இது, ஆறின கஞ்சியா?" என்று அவர் கேட்காத வாரம் குறைவு. அதனால் பை, காகிதக் கப், எவர்சில்வர் தூக்கு, பிளாஸ்க் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

முதலில் பை. பொங்குஸ், அதாவது கட்டிக் கொடுங்கள், என்றதும் கடைக்கார அண்ணன் ஒரு பையில் தேயை ஊற்றி, உறிஞ்சு குழலைச் செருகி, ஓரத்தைச் சுருக்கிக் கட்டிக் கொடுப்பார். இத்தனை மெல்லிய பிளாஸ்டிக்கில் சூடு எப்படி நிற்கும் என்று இளக்காரமாகத்தான் இருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. பிளாஸ்டிக்கை விட எவர்சில்வர் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், உண்மைதான். ஆனால் இரண்டுமே மெல்லிய சுவர்கள். அவற்றுக்கு வெளியே ஒட்டி நிற்கும் அசையாத காற்றுப் படலம் வெப்பத்தைத் தடுக்கும் அளவோடு ஒப்பிட்டால், இந்தச் சுவர்கள் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். பையா, இரும்பா என்று பார்ப்பதை விட, அந்தப் படலம் கலையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

என் தப்பு அங்கேதான். பையை மோட்டாரின் கொக்கியில் மாட்டிக்கொண்டு பறந்தேன். எதிர்க்காற்று படலத்தைத் துடைத்துக்கொண்டே வந்தது. அதே பையை இரண்டு தாள் செய்தித்தாளில் சுற்றிக் கூடைக்குள் வைத்தால் நிலைமை தேறுகிறது. மீ கோரெங் (வறுத்த மீ) பொட்டலம் வீடு வரை சூடாக வருவதும் ஏறக்குறைய இந்த வித்தையால்தான். சூடான தேயைப் பிளாஸ்டிக்கில் ஊற்றலாமா என்பது வேறு வழக்கு. எனக்கு அது பிடிக்காது, அவ்வளவுதான். ஒருமுறை கட்டு அவிழ்ந்து பேண்ட் முழுக்க தே ஆனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காகிதக் கப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூடி இருந்தால் பரவாயில்லை, மோட்டாரில் எடுத்து வர முடியாது.

தூக்கு என்றால் அம்மாவுக்கு உயிர். பளபளவென்று இருக்கும் எவர்சில்வர் கதிர்வீச்சாக இழக்கும் வெப்பம் குறைவு. மெருகேறிய உலோகம் மற்றப் பரப்புகளை விடக் குறைவாகவே வெப்பத்தை வீசும் என்பதை ஜான் லெஸ்லி 1804இல் ஒரு கனசதுரப் பெட்டியில் வெந்நீர் ஊற்றியே காட்டிவிட்டார். ஆனால் தூக்குக்கு ஒரு கெட்ட குணம், உள்ளே ஊற்றியதும் பங்கு கேட்கும். 300 கிராம் தூக்கு 30 டிகிரியில் இருக்க, 80 டிகிரியில் 250 மில்லி தேயை ஊற்றினால், பாத்திரம் சூடாவதற்குள்ளேயே தே சுமார் 6 டிகிரி இறங்கிவிடும். பையின் எடை ஓரிரு கிராம்தான், அது ஒன்றும் கேட்பதில்லை. அம்மா வெந்நீர் ஊற்றித் தூக்கை அலசிக் கொட்டிவிட்டுத்தான் கொடுத்தனுப்புவார். வெறும் சுத்தம் பார்க்கிறார் என்று பல வருடம் நினைத்திருந்தேன். லெபோ பசார் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சூடு போய்விடும் என்பதால், இப்போது கடையிலேயே கொஞ்சம் வெந்நீர் கேட்டு வாங்கி அலசுகிறேன்.

அதை விட முக்கியம் தூக்கின் மூடி. தே ஆறுவதில் பெரிய திருடன் ஆவிதான். 250 மில்லி தேயிலிருந்து 1 கிராம் நீர் ஆவியாகிப் போனால், மிச்சத்தின் சூடு 2 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். தாரிக் இழுக்கும்போது நடப்பதும் இதுதான். நீள ஒழுக்காக விழும் தேக்குப் பரப்பு அதிகம், ஆவியும் அதிகம். ஆகவே வீட்டுக்கு எடுத்துப்போவதாக இருந்தால், "அண்ணே, ரொம்ப இழுக்காதீங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. அவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சூடு காப்பதில் பிளாஸ்க்கை அடிக்க ஆளில்லை. ஜேம்ஸ் டூவர் 1892இல் செய்த இரட்டைச் சுவர்க் குடுவைதான் இதன் மூதாதை. நடுவில் வெற்றிடம் இருப்பதால் கடத்தலுக்கும் சலனத்துக்கும் ஆள் இல்லை, சுவரின் பளபளப்பு கதிர்வீச்சைக் குறைக்கிறது. மிச்ச ஓட்டை வாய்ப்பகுதி மட்டுமே. ஆனாலும் பால் சேர்த்த தேயை நெடுநேரம் அடைத்து வைத்தால் ஒரு வேக்காட்டு வாசம் வருகிறது. மூடியின் ரப்பர் வளையத்தில் பழைய கோப்பி வாசமும் விடாமல் ஒட்டியிருக்கும்.

பிளாஸ்க்குக்கு நான் கொடுக்கும் மதிப்பு சூட்டுக்கு அல்ல, பால் இல்லாத குளிர்ந்த தேயான தே ஓ ஐஸுக்கு. பினாங்குக் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் நீர் படிந்துவிடும். கண்ணாடிக் குவளை வியர்க்கிறது என்கிறோமே, அந்த வியர்வை சும்மா வருவதில்லை. 1 கிராம் ஆவி குவளையின் மேல் நீராகும்போது வெளிவிடும் வெப்பம், உள்ளே 7 கிராம் பனிக்கட்டியை உருக்கப் போதும். பையும் தூக்கும் இங்கே ஒரே கட்சி, இரண்டும் வெளியே சொட்டச் சொட்ட நனைந்து, உள்ளே பனிக்கட்டியைக் கரைக்கின்றன. பிளாஸ்க்கின் வெளிச்சுவர் குளிர்வதே இல்லை, அதனால் வியர்ப்பதும் இல்லை.

இப்போது சூட்டுக்கு வெந்நீரில் அலசிய தூக்கு, ஐஸுக்குப் பிளாஸ்க் என்று வண்டியில் இரண்டும் போகின்றன. அப்பா போன வாரம் தூக்கு மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "சீனி ஜாஸ்தி" என்றார்.