கோச்சி சன்னலில் பார்த்த பத்தலேகல மலைக்கு ஒருநாள் ஏறிப் பார்த்தோம்

என் ஊரான ஹட்டனுக்குக் கோச்சி (ரயில்) ஏறினால் நான் எப்போதும் வலப்பக்க சன்னலைத்தான் பிடிப்பேன். றம்புக்கனை தாண்டி, அலகல்லை மலையின் இடுப்பைச் சுற்றி ரயில் மெல்ல ஏறும்போது, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையோடு ஒரு பாறை தனியாக நிற்கும். "அதுதான் பைபிள் மலை" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் காட்டுவார். விரித்து வைத்த வேதப் புத்தகம் போல இருப்பதால் வெள்ளைக்காரன் வைத்த பெயர். ஊர்க்காரர்கள் பத்தலேகல என்கிறார்கள். பத்தல என்றால் நம்முடைய வத்தாளங்கிழங்கு.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வந்து இருபத்திரண்டு வருடம். அதில் எத்தனை முறை அந்தப் பாதையில் போய் வந்தேன் என்று கணக்கே இல்லை. ஆனால் அந்தப் பாறை மேல் ஏறலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்த மகள்தான் "ஒருநாள் போவோமா அம்மா" என்று கேட்டாள். பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அண்ணன் மகனையும் சேர்த்துக்கொண்டு போனோம்.

விடிய நாலரைக்கெல்லாம் புறக்கோட்டையில் கண்டி பஸ்ஸைப் பிடித்தோம். மாவனெல்லையில் இறங்கி, அங்கிருந்து அரநாயக்க பஸ். கடைசித் துண்டுக்கு ஆட்டோ. மலையடியில் ஒரு வீட்டு வாசலில் வழி கேட்டோம். மிளகுக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சீயா (சிங்களத்தில் தாத்தா), "தனியாகப் போகாதே துவ (மகளே), மேலே வழி இரண்டாகப் பிரியும்" என்று கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வயது எழுபதுக்கு மேல். ஏறி முடிக்கும் வரை அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை.

தொடக்கம் லேசுதான். கராம்பு, பலா, மிளகு, கொஞ்சம் தேயிலை என்று வீட்டுத் தோட்டங்களுக்கு நடுவே போகும். அப்புறம் காடு தொடங்குகிறது, ஏற்றமும் கூடுகிறது. கடைசிப் பகுதியில் வேரையும் கல்லையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். பாட்டா செருப்போடு வந்த அண்ணன் மகன் அங்கே மிகவும் சிரமப்பட்டான், ஆகையால் பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள். வெயில் காலம் என்பதால் அட்டை அதிகமில்லை. ஆனாலும் நான் பழக்கதோஷத்தில் எல்லோருடைய காலிலும் சவர்க்காரம் தேய்த்துத்தான் கூட்டிப் போனேன். நின்று நின்று போனதில் எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது.

மேலே போனதும் மகள் பேசவே இல்லை. நானும்தான்.

பத்தலேகலவின் உயரம் 798 மீட்டர். ஹட்டன் நகரமே 1200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அந்தக் கணக்கில் இது என் ஊரின் கால்மாட்டுக்குக்கூட வராது. ஆனால் எங்கள் தோட்டத்தில் எங்கே நின்றாலும் எதிரே இன்னொரு மலை மறைக்கும். இந்தப் பாறை சமவெளி முடிந்து மலைநாடு தொடங்கும் இடத்தில், பக்கத்துணை இல்லாமல் தனியாக நிற்கிறது. அதனால் எந்தத் திசையும் மறைவதில்லை. மேற்கே பார்த்தால் தென்னையும் றப்பரும் வயலுமாகத் தரை தட்டையாகி, கொழும்புப் பக்கம் புகைமூட்டத்தில் கரைந்துவிடுகிறது. கிழக்கே திரும்பினால் மலைக்குப் பின்னால் மலை, நீலத்துக்குப் பின்னால் நீலம். வானம் தெளிந்த நாளில் தெற்கே சிவனொளிபாதமலையும் தெரியும் என்றார் சீயா. அன்றைக்கு அந்தப் பக்கம் மேகம்.

வடகிழக்கே அலகல்லை நன்றாகத் தெரிந்தது. ரயில் பாதை அதன் சரிவில்தான் போகிறது. பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்குப் பாதை கண்ணில் படவில்லை, நான் குத்துமதிப்பாக ஓரிடத்தைக் கை காட்டினேன். அப்பா இருந்திருந்தால் சரியாகக் காட்டியிருப்பார். 1867இல் கண்டிக்குப் போட்ட பாதை அது. அந்தக் கோச்சியில் உட்கார்ந்து இந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு போனவர்களில் எங்கள் மலையகத் தோட்டத்து ஆட்கள் எத்தனை பேர்!

சீயா இன்னொரு பக்கமும் காட்டினார். சாமசர மலை. 2016 மே 17ஆம் திகதி, விடாத மழைக்குப் பிறகு அந்த மலை சரிந்து ஊர்களையே மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள், பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு 2014 ஒக்டோபரில் மீரியபெத்த தேயிலைத் தோட்டத்து லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்சரிவில் மண்ணுக்குள் போன அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. காலையில் செய்தி கேட்டு இங்கே கொழும்பிலிருந்து ஊருக்கு மாறி மாறிப் போன் பண்ணிய நாள் அது. பேசுகிற பாஷை வேறு, ஆனால் மழை இரவில் மலையடியில் படுப்பவனின் பயம் ஒன்றுதான்.

அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், தயவுசெய்து மழைக் காலத்தில் போகாதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. மே மாதமும் ஒக்டோபர், நவம்பரும் வேண்டவே வேண்டாம். கேகாலை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று முதல்நாள் இரவே செய்தியில் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

மலை உச்சியில் மனதை நோகடித்தது குப்பைதான். கூடாரம் போட்டுத் தங்கிப் போன யாரோ பிளாஸ்டிக் போத்தலும், உடைந்த பியர் போத்தலும், பாதி எரிந்த விறகும் விட்டுப் போயிருந்தார்கள். சீயா ஒன்றும் பேசாமல் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார், நாங்களும் குனிந்தோம். இரண்டு பை நிறைந்தது. மலசலகூடம் கிடையாது. பெண்கள் மாவனெல்லையிலேயே அந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றராவது வேண்டும், மேலே கடை எதுவும் இல்லை.

இறங்கி வந்ததும் சீயாவின் மனைவி அவித்த மரவள்ளியும் லுணுமிரிஸும் (மிளகாய்ச் சம்பல்) வைத்து, கித்துள் பனைக் கருப்பட்டியோடு இஞ்சிப் பிளேன்டீ தந்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. அவர்கள் வீட்டில் காய்ச்சிய கித்துள் பாணியில் இரண்டு போத்தல் வாங்கினேன், அதற்கு மட்டும் விலை சொன்னார்கள். நீங்கள் போனாலும் இப்படி ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஏறுங்கள். அந்த இரண்டாகப் பிரியும் இடத்தில் நாங்கள் மூன்று பேரும் தனியாக வந்திருந்தால் இடப்பக்கம் திரும்பியிருப்போம். சரியான வழி வலப்பக்கம்.