ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுக்க இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். என் பெரியப்பாவிடம் 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, கோளாறையும் தீர்க்காமல், அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த ஒலிப்பதிவுகளையும் அழித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

பெரியப்பா மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர். இணைய வானொலியில் வரும் கச்சேரிகளை, குறித்த நேரத்தில் தானே பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை வைத்துப் பிடித்துவிடுவார். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமியன்று பாடப்படும் பஞ்சரத்தின கீர்த்தனைகளின் நேரடி ஒலிபரப்பு, ஆண்டு வாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் இருந்தது. சென்ற ஆண்டு இந்தப் பதிவு தடுமாற ஆரம்பித்தது. சில நாள் ஒழுங்காகப் பதிவாகும். சில நாள் கோப்பே இருக்காது. சில நாள் வெறும் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

புதுச்சேரியில் ஒரு கடையில் கொடுத்தார். நன்றாகப் பார்த்துக்கூட இருக்க மாட்டார்கள், உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: “மதர்போர்டில் ஐசி போய்விட்டது சார், எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டும்.” ஐசி என்றால் சிப், எஸ்எம்பிஎஸ் என்றால் கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. வயதானவர், நம்பினார். பணம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அதே கதைதான்.

பிறகு நான் லாரன்ஸ் ரோடு பக்கம் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “ஐயா, கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்த மறுநாள்தான் பதிவு ஆகவில்லையா?” பெரியப்பா யோசித்து, ஆமாம் என்றார். மெக்கானிக் சுவிட்சை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டினார். திரையின் மூலையில் 2015 ஜனவரி 1 என்று வந்து நின்றது. மதர்போர்டில் நாணயம் போல வட்டமாக உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி மீட்டரில் வைத்தார். 3 வோல்ட் காட்ட வேண்டியது 1 வோல்ட்டைத் தாண்டவில்லை. புதிய பேட்டரி 40 ரூபாய்.

மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அந்தப் பேட்டரிதான். அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும். குறித்து வைத்த நேரம் வரவே வராது. கையால் பதிவைத் தொடங்கினாலும், தேதி தவறாக இருப்பதால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் வானொலித் தளம் இணைப்பை மறுத்துவிடும். வெற்றுக் கோப்பு வந்த காரணம் அது. இணையத்தைப் பார்த்து விண்டோஸ் நேரத்தைத் திருத்திக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் இத்தனை ஆண்டு வித்தியாசத்தைத் தானாகத் திருத்தாது.

அடுத்துப் பார்த்ததுதான் நெஞ்சை எரித்தது. ‘புதியது’ என்று 2,200 ரூபாய் பில் போட்ட எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில், கம்ப்யூட்டர் வாங்கியபோது ஒட்டிய உத்தரவாத ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அதன் மேல் படிந்த தூசியைக்கூடத் துடைக்கவில்லை. பதிவுகள் இருந்த டி டிரைவைக் கேட்காமலே ஃபார்மேட் செய்துவிட்டு, ‘இலவசமாக’ சினிமாப் படங்களை ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். ஃபார்மேட் செய்ததோடு விட்டிருந்தால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பெரும்பகுதியை மீட்டிருக்கலாமாம். அதன் மேல் படங்களை எழுதியதால், திருவையாற்றுப் பதிவுகளில் துண்டு துண்டாகச் சிலதான் கிடைத்தன. கேட்டதற்கு, “பையன் தெரியாமல் செய்துவிட்டான்” என்றார்கள். எதிரே நின்றவரின் முகத்தைப் பார்த்தும் எப்படி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்களோ!

உங்கள் வீட்டிலும் இப்படிப் பதிவு தவறினால் முதலில் தேதியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில், குறித்த நேரத்தில் கம்ப்யூட்டரை எழுப்பும் வேக் டைமர் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் உறங்கும் கம்ப்யூட்டர் எழாது. பெரிய கோப்புகள் சரியாக 4 ஜிபியில் அறுந்தால் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கிறது என்று அர்த்தம்; அந்த வடிவம் அதற்கு மேல் பெரிய கோப்பை ஏற்காது. இதற்கெல்லாம் போர்டு மாற்றத் தேவையே இல்லை. கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி எண் உள்ள பில் இல்லாமல் பணம் தராதீர்கள். பெரியப்பாவுக்குத் தந்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு.

அந்தச் சீட்டையும் ஸ்டிக்கரின் படத்தையும் வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.