டோட்டல்செக்மென்டேட்டர்: காண்டூர் போடுகிறவளின் மதிப்புரை

கதிர்சிகிச்சைக்குப் பிளான் போடுவதற்கு முன்னால் சிடி ஸ்கேனில் ஸ்லைஸ் ஸ்லைஸாக உறுப்புகளின் எல்லையை வரைந்தாக வேண்டும்; அந்தக் கோட்டுக்குத்தான் காண்டூர் என்று பெயர். தண்டுவடத்துக்கு எவ்வளவு கதிர்வீச்சு டோஸ் போகிறது என்ற கணக்கெல்லாம் அந்தக் கோட்டை வைத்துத்தான். அலுப்புத் தட்டும் வேலை. அதைப் பங்கு போட்டுக்கொள்ள, தானே கோடு வரைந்து தரும் மென்பொருளாக வந்திருப்பதுதான் டோட்டல்செக்மென்டேட்டர்.

பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1,204 சிடி ஸ்கேன்களைத் திரட்டி உருவாக்கினார்கள். 2023-இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானபோது உறுப்பு, எலும்பு, தசை, ரத்தக்குழாய் எல்லாம் சேர்த்து 104 உடற்பகுதிகள், இரண்டாம் பதிப்பில் 117. உள்ளே ஓடுவது என்என்யூ-நெட், மருத்துவப் படங்களில் உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் செயற்கை நுண்ணறிவு. காசு கிடையாது. சில கூடுதல் பகுதிகளுக்கு மட்டும் தனி உரிமம் வாங்க வேண்டும்.

எலும்பில் இது கெட்டிக்காரன். முள்ளெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனிப் பெயரோடு வந்து விழுகிறது. இடுப்பு முள்ளெலும்புகளில் எது எல்1, எது எல்2 என்று விலா எலும்பிலிருந்து எண்ணிக்கொண்டு வரும் வேலை மிச்சம். ஆனாலும் ஒருமுறை நீங்களே எண்ணிவிடுங்கள். எல்5 அதன் கீழே உள்ள திருவெலும்போடு ஒட்டிப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே மனிதர்களுக்கே எண்ணிக்கை தவறும். நுரையீரலோ ஐந்து மடல்களாக வரும். நமக்கு முழு நுரையீரல்தான் வேண்டும், சேர்த்துக்கொள்ளலாம், பெரிய விஷயமில்லை.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டுரையில் டைஸ் என்ற மதிப்பெண் சராசரி 0.943; முழு மதிப்பெண் 1. அமோகம்தான். ஆனால் டைஸ் பார்ப்பது மென்பொருளின் வரைவும் ஒப்பிடுவதற்கான சரியான வரைவும் மொத்தமாக எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை. கல்லீரல் மாதிரிப் பெரிய உறுப்பில் ஒரு மூலையில் கோடு அரை சென்டிமீட்டர் விலகினாலும் மதிப்பெண் அசையாது. கட்டி ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மூலையில்தான் என்றால் என்ன செய்வீர்கள்? அதனால் நான் கோப்பைத் திறந்ததும் முதலில் கட்டிக்குப் பக்கத்து ஸ்லைஸ்களுக்குத்தான் போவேன். மற்றதெல்லாம் பிறகு.

குடல் பகுதியில் இன்னும் நிதானம் வேண்டும். டியோடினம், அதாவது இரைப்பையை அடுத்த சிறுகுடலின் முதல் பகுதி, எங்கே முடிகிறது, மீதிச் சிறுகுடல் எங்கே தொடங்குகிறது என்பதில் இரண்டு டாக்டர்களே ஒரே கோடு போடமாட்டார்கள். மென்பொருளிடம் மட்டும் தீர்ப்பு கேட்பது நியாயமில்லை. இடுப்புப் பகுதிக்காரர்களுக்கு ஒரு சேதி: முதன்மைப் பட்டியலில் மலக்குடலுக்குத் தனிப் பெயரே இல்லை, பெருங்குடல் மட்டும்தான். புராஸ்டேட் கேஸுக்கு முதலில் தேவைப்படுவதே மலக்குடல். திரையில் பிரஷ் கருவியை எடுத்து நாமே வரைய வேண்டியதுதான்.

அவசரக்காரர்களுக்கென்று ஃபாஸ்ட் மோட் ஒன்று உண்டு. 1.5 மில்லிமீட்டருக்குப் பதில் 3 மில்லிமீட்டர் கட்டங்களில் வேலை செய்யும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு அதுதான் கதி. படத்தில் மேலோட்டமாக எது எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சரி. அட்ரினல் (சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி), உணவுக்குழாய் போன்ற மெல்லிய சமாச்சாரங்களை அதில் வரைந்து பிளானுக்கு அனுப்புவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.